பெயர்ப் பட்டியல் போதாது

கொல்லங்கோட்டிற்குத் தெற்கே உயரும் நெல்லியாம்பதி மலையிலும், அதனையடுத்த பறம்பிக்குளக் காடுகளிலும் வாழும் காடர்களுக்குக் காட்டுவள்ளிக் கிழங்கு நெடுங்கால உணவாகும். உண்ணத்தக்க தாவரங்களின் பெயர்களைத் தொகுத்தவுடன் அம்மக்களின் அறிவு முழுவதும் கிட்டிவிட்டதெனக் கருதுதல் பிழை, ஆபத்துமாகும். வள்ளியினத்துள் சிலவற்றின் நஞ்சு, சீவி வேகவைத்து, நீரில் பலமுறை அலசிய பின்னரே நீங்கும். வேலியோரங்களிற் படரும் செங்காந்தளின் கிழங்கிலுள்ள கால்ச்சிசின் என்னும் நஞ்சோ கொதிநீரிலும் அழிவதில்லை. வள்ளியென மயங்கி அதனை உண்டு மாண்டோர் உளர்.

ஆதலின் களப்பணியாளர் பெயருடன் கொடி, இலை, தோண்டும் பருவம், பதப்படுத்தும் முறை ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். ஆசிரியர்கள் இவற்றை நன்கறிந்த முதியோரைப் பள்ளிக்கு அழைத்துக் கற்பிக்கச் செய்தல் நலம். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. கிழங்கை இனங்காணும் இளைஞர் இல்லையேல் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.