தோத்ததுக்கு மக்களைத் திட்டாதீங்க அண்ணாச்சி

தேர்தல்ல தோத்த கட்சிக்காரங்க வாயில இருந்து முதல் வாரத்துல வர்ற வசனங்கள் நாலே நாலுதான். ஒண்ணு, ‘காசு வாங்கிட்டு ஓட்டு போட்டுட்டானுக’. ரெண்டு, ‘கூட்டணிக் கணக்கு காலை வாரிடுச்சு’. மூணு, ‘மெஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க’. நாலாவது, இந்த மூணையும் நம்பாம ‘நாம எங்கண்ணே தப்பு பண்ணோம்?’னு கேட்கிறவனைப் பார்த்து, ‘நீ எவன்கிட்டடா காசு வாங்கினே?’

இந்த நாலாவது வசனத்தோடதான் எனக்குச் சண்டை. உ.பி.க்கள், ர.ர.க்கள், கதர்ச் சட்டைகள், தோழர்கள் எல்லாருமே இதைச் சொல்றவங்கதான். ஆனா நான் ம.தி.மு.க.வை வச்சுத்தான் எழுதப் போறேன். அடுத்த வீட்டுச் சட்டியில ஓட்டை இருக்குன்னு சொல்றது சுலபம், இது எங்க வீட்டுச் சட்டி.

எங்க சித்தப்பா கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டு சம்சாரி. 1993ல வைகோவை தி.மு.க.வுல இருந்து வெளியேத்தினப்போ வீட்டுல மூணு நாள் யார்கூடயும் பேசலை. தமிழ்நாட்டுல 5 தொண்டர்கள் தீக்குளிச்சு உயிரை விட்ட நேரம் அது. 1994ல கட்சி ஆரம்பிச்சதும் தோள்ல கறுப்புத் துண்டு ஏறிடுச்சு. அன்னைக்குச் சொன்ன காரணம் ஊருக்கே தெரியும்: கட்சி ஒரு குடும்பத்துக்குச் சொந்தமில்லை, உழைச்சவனுக்கு மரியாதை வேணும். இந்த ஒரு வரிக்காகத்தான் சித்தப்பா மாதிரி ஆயிரக்கணக்கான பேர், பதவியும் பவுசும் இருந்த இடத்தை விட்டுட்டு, ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு நடந்தாங்க.

1996 தேர்தல்ல சட்டசபையில ஒரு இடம்கூடக் கிடைக்கலை. விளாத்திகுளத்துல வைகோவே ஆயிரம் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்துல தோத்தார். ஆனா ஆட்சிக்கு எதிரா இருந்த அலை மொத்தமும் தி.மு.க. – த.மா.கா. பக்கம் அடிச்ச அந்த வருஷத்துலயும், புதுக் கட்சிக்கு ஏறக்குறைய 6 சதவீதம் ஓட்டு விழுந்துச்சு. தோல்விதான், ஆனா தலை நிமிர்ந்து தோத்த தோல்வி. அன்னைக்குச் சித்தப்பா மக்களைத் திட்டலை. ‘அடுத்த தடவ பாப்போம்ல’ன்னுட்டு வெதைக்கப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? 1998ல அ.தி.மு.க. – பா.ஜ.க. கூட்டணி. 1999ல தி.மு.க. – பா.ஜ.க. கூட்டணி. அஞ்சு வருஷம் முன்னாடி எந்த வீட்டை விட்டு வந்தோமோ அதே வீட்டுத் திண்ணை. 2001ல தனியா நின்னு மறுபடி பூஜ்யம். 2002 ஜூன்ல திருமங்கலத்துல பேசின பேச்சுக்காக அடுத்த மாசமே ஜெயலலிதா அரசு அவரைப் பொடாவுல தூக்கி உள்ளே போட்டுச்சு. வேலூர் ஜெயில்ல ஒன்றரை வருஷத்துக்கும் மேல. அந்தப் பொடா சட்டம் பார்லிமெண்டுல வந்தப்போ ஆதரிச்ச கூட்டணியில இவரும் இருந்தார் என்பது தனிச் சோகம். ஆனா அந்த ஜெயில்வாசம் கட்சிக்காரனுக்குப் பெரிய தெம்பு. ‘எங்காளு வளையலைல’ன்னு சித்தப்பா டீக்கடையில நெஞ்சை நிமித்திச் சொன்னதை நான் கேட்டிருக்கேன். 2004ல வெளிய வந்தார், தி.மு.க. கூட்டணியில நின்ன 4 இடத்துலயும் கட்சி ஜெயிச்சது.

அப்புறம் வந்துச்சு 2006.

தி.மு.க. 22 சீட் தர்றேன்னது. அ.தி.மு.க. 35 தந்தது. பொடாவுல போட்டவங்க மேடையிலயே போய் உட்கார்ந்தாச்சு. 22க்கும் 35க்கும் நடுவுல இருக்கிற அந்த 13 சீட்டுக்கு நாம கொடுத்த விலை என்னன்னு அன்னைக்குக் கட்சிக்குள்ள எத்தனை பேர் சத்தமா கேட்டோம்?

இங்கதான் என் பங்கு வருது. அந்த அறிவிப்பு வந்த அன்னைக்கு ராத்திரி சித்தப்பா போன் பண்ணாரு. ‘ஏல, ஊர்ல போய் என்னன்னுல சொல்லுவேன்? ரெண்டு வருசமா அந்தம்மாவத் திட்டி நோட்டீஸ் குடுத்த கையி இது. அடுத்த கூட்டத்துல எந்திரிச்சு கேட்டுரலாம்னு இருக்கேன்’னாரு. பட்டணத்துல உட்கார்ந்து நாலு பத்திரிகை படிச்ச மேதாவி நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘சித்தப்பா, இது ராஜதந்திரம். தேர்தல் நேரத்துல கேட்டா எதிரிக்குத்தான் லாபம். தோத்தா கேட்டுக்கலாம்.’ அவரும் கேட்கலை. 35ல 6 ஜெயிச்சோம். தோத்த பிறகு கேட்டிருக்கணுமில்லையா? ‘கட்சி பலவீனமா இருக்கிற நேரத்துல கேட்கக் கூடாது’ன்னு அதுக்கும் நான்தான் ஒரு வசனம் கண்டுபிடிச்சுக் கொடுத்தேன்.

ஜெயிச்சா ‘இப்ப எதுக்குக் கேள்வி?’ தோத்தா ‘இப்பப் போயா கேள்வி?’ அப்ப கேள்வி கேட்க நல்ல நேரம் எப்பதான் வரும்? பஞ்சாங்கத்துல பார்க்கணுமா?

கேட்காததோட பலனைப் பாருங்க. 2007ல செஞ்சி ராமச்சந்திரன், எல்.கணேசன் மாதிரி பெரிய தலைகள் தனி வழி போனாங்க. எந்தத் திருமங்கலத்துல பேசினதுக்காக ஜெயிலுக்குப் போனாரோ, அதே திருமங்கலம் 2006ல ம.தி.மு.க. ஜெயிச்ச தொகுதி. அந்த எம்.எல்.ஏ. இறந்து 2009 ஜனவரியில இடைத்தேர்தல் வந்தப்போ நின்னது ம.தி.மு.க. இல்லை, அ.தி.மு.க. தன் தொகுதியில தானே நிற்க முடியலை. அந்த இடைத்தேர்தலைப் பத்தி ஊரே பேசுறது காசு பட்டுவாடாவை மட்டும்தான். ‘திருமங்கலம் ஃபார்முலா’ன்னு பேரே வந்துடுச்சு. காசு ஓடினது நெசம்தான், நான் மறுக்கலை. ஆனா நம்ம தொகுதியை நாமளே தாரை வார்த்ததுக்கும் ஓட்டுக்குக் காசு வாங்கினவனா காரணம்?

2009ல விருதுநகர்ல வைகோவே தோத்தார், கட்சிக்கு ஈரோடு ஒண்ணு மட்டும் மிஞ்சுச்சு. 2011ல, முன்னாடி 35 கொடுத்த அதே இடத்துல அதுல பாதிகூடத் தரலை. தேர்தல் புறக்கணிப்பு. 2014ல பா.ஜ.க. கூட்டணி, 7க்கு 7ம் தோல்வி. 2016ல மக்கள் நலக் கூட்டணி, அதுல கோவில்பட்டியில நிற்பார்னு அறிவிச்சிட்டுக் கடைசி நேரத்துல வைகோ ஒதுங்கினார். கூட்டணி மொத்தமும் பூஜ்யம். 1996ல ஏறக்குறைய 6 சதவீதமா இருந்த ஓட்டு 1 சதவீதத்துக்கும் கீழே. நின்ன தொகுதிகள் குறைவுங்கிறது ஒரு காரணம்தான். ஆனா ஏன் அவ்வளவு குறைஞ்சதுன்னு கேட்டா மறுபடி அதே இடத்துலதான் வந்து நிற்போம்.

2019லயும் 2021லயும் ம.தி.மு.க.காரங்க நின்ன சின்னம் உதயசூரியன். 1993ல ‘நாங்கதான் உண்மையான தி.மு.க., சின்னம் எங்களுக்கே’ன்னு தேர்தல் கமிஷன் வரைக்கும் போய் வழக்காடின அதே சின்னம். 2021 அக்டோபர்ல துரை வைகோ தலைமைக் கழகச் செயலாளர். 2023ல அவைத்தலைவரா இருந்த திருப்பூர் துரைசாமி, பேசாம தி.மு.க.வோட இணைச்சிடலாம்னு கடிதம் எழுதி விலகினார். 2025ல மல்லை சத்யா நீக்கப்பட்டார். எதை எதிர்த்துப் புறப்பட்டோமோ அங்கேயே வந்து சேர்ந்தாச்சு. ரவுண்டு டிரிப் டிக்கெட்டுக்கு 30 வருஷம்.

துரை வைகோ திறமையில்லாதவர்னு நான் சொல்ல வரலை. 2024ல திருச்சியில தீப்பெட்டிச் சின்னத்துல நின்னு ஜெயிச்சவர். வைகோவையும் குறைச்சு மதிக்கலை. ஸ்டெர்லைட் வழக்குல கறுப்பு அங்கி போட்டுத் தானே நின்னு வாதாடினவர். அந்த உழைப்புக்கு இன்னொரு ஆளைக் காட்டுங்க பார்ப்போம். அதனாலதான் வயிறு எரியுது. உழைக்காதவன் தோத்தா யார் கவலைப்படப் போறா?

இப்ப ரெண்டு பக்கத்துல இருந்தும் எதிர்க்கேள்வி வரும். தெரியும்.

ஒண்ணு: ‘1976ல மிசாவுல போட்ட இந்திரா காந்தியோட 1980ல கலைஞர் கூட்டு சேரலையா? அவங்க செஞ்சா ராஜதந்திரம், நாங்க செஞ்சா துரோகமா?’ நல்ல கேள்வி. சேர்ந்தாங்க, 1980 ஜனவரியில பார்லிமெண்ட் தேர்தல்ல அள்ளிக் குவிச்சாங்க. அதே வருஷம் மே மாசம் சட்டசபைத் தேர்தல் வந்துச்சு. எம்.ஜி.ஆர். 129, தி.மு.க. 37. ஆக, அந்தக் கூட்டணியை வச்சும் கோட்டையைப் பிடிக்க முடியலை. ஆனா தி.மு.க.வுக்கு ஊர் ஊரா கிளை இருந்துச்சு, ‘எம்.ஜி.ஆரைப் பிடிக்கலைன்னா இங்க வா’ன்னு ஓட்டு போடுறவனுக்கு ஒரு முகவரி இருந்துச்சு. அடியைத் தாங்கிற உடம்பு. நமக்கு இருந்த ஒரே சொத்து ‘எங்காளு வளையமாட்டான்’கிற பேர். அதையே அடகு வச்சா மீட்க என்ன இருக்கு?

ரெண்டு: ‘தி.மு.க. 13 வருஷம் வனவாசம் இருந்து 1989ல திரும்பலையா? விசுவாசமா காத்திருந்தா நாமும் வருவோம்.’ இந்த 13 வருஷக் கதையை எல்லாக் கட்சிக்காரனும் இப்ப கஷாயம் மாதிரி குடிக்கிறான். சும்மா காத்திருந்து வரலைங்க. 1986 உள்ளாட்சித் தேர்தல்ல, எம்.ஜி.ஆர். உயிரோட ஆட்சியில இருக்கும்போதே நகராட்சிகளைப் பிடிச்சுக் காட்டினாங்க. போதாக்குறைக்கு 1989ல அ.தி.மு.க. ஜா அணி, ஜெ அணின்னு ரெண்டா உடைஞ்சு நின்னுச்சு. கீழே வேலையும் நடக்கணும், மேலே நேரமும் கூடி வரணும். வெறும் பொறுமைக்கு எவனும் கோட்டைச் சாவியைக் கொடுக்க மாட்டான்.

தோல்வியில இருந்து உண்மையாவே படிச்ச ஒரு உதாரணம் சொல்றேன், பொடாவுல போட்டவங்களையே சொல்றேன். 2004ல அ.தி.மு.க. கூட்டணிக்கு 40ல பூஜ்யம். ஜெயலலிதா ஒரே வாரத்துல என்ன செஞ்சாங்க? விவசாயிகளுக்கு நிறுத்தின இலவச மின்சாரம் திரும்ப வந்துச்சு. மதமாற்றத் தடைச் சட்டம் வாபஸ். வேலைநிறுத்தம் செஞ்ச அரசு ஊழியர்கள் மேல எடுத்த நடவடிக்கைகள் ரத்து. ரேஷன் கார்டுல கொண்டு வந்த கட்டுப்பாடும் போச்சு. மனசு மாறியா, பயந்தான்னு கேட்காதீங்க. ‘மக்கள் முட்டாள்’னு சொல்லாம, எங்க அடி விழுந்துச்சுன்னு தடவிப் பார்த்தாங்க. 2006ல ஆட்சி போச்சு, ஆனா 61 இடம் கையில இருந்துச்சு, தி.மு.க.வுக்குத் தனி மெஜாரிட்டி கிடைக்கலை. கேள்வியே கேட்க முடியாத கட்சின்னு நாம கிண்டல் பண்ற கட்சிகூட தோல்வியைக் காது கொடுத்துக் கேட்டுச்சு. ஜனநாயகம், மறுமலர்ச்சின்னு பேரை வச்சுக்கிட்ட நாம கேட்கலை.

ஆக, எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் சரி, தோத்த அண்ணாச்சிகளுக்கு நான் சொல்றது இதுதான்.

முதல் ஒரு மாசம் மக்களைத் திட்டாதீங்க. போன தடவை அதே மக்கள் உங்களுக்குப் போட்டப்போ அவங்க மகேசனா இருந்தாங்க.

தேர்தல் கமிஷன் வாக்குச்சாவடி வாரியா படிவம் 20னு கணக்கு வெளியிடுது. உங்க சொந்த பூத்தை எடுங்க. போன தடவை எத்தனை, இந்தத் தடவை எத்தனை? குறைஞ்ச ஓட்டு எந்தத் தெருன்னு உங்களுக்கே தெரியும். போய்த் திண்ணையில உட்கார்ந்து கேளுங்க. தலைமை அமைக்கிற ஆய்வுக் குழுவை விட அந்தத் திண்ணை பெருசு.

கடைசியா, கட்சிக்குள்ள எந்திரிச்சுக் கேட்கிறவனை உட்கார வைக்காதீங்க. கட்சியை வேண்டாம்னு நினைச்சவன் கேட்டுக்கிட்டு நிற்க மாட்டான், சத்தமில்லாமப் போயிடுவான். கேட்கிறவன் இன்னும் கிளம்பாதவன். விசுவாசம்கிறது தலைவர் போற காருக்குப் பின்னாடி ஓடுறது மட்டுமில்லை. வண்டி தப்பான ரோட்டுல திரும்பினா, முன்னாடி போய்க் கையைக் காட்டுறதும் அதுதான். நான் அன்னைக்குச் சித்தப்பாவோட கையைப் பிடிச்சுக் கீழே இழுத்தவன். அந்த ஒரு கை தூக்கியிருந்தா கட்சி மாறியிருக்காதுதான். ஆனா அன்னைக்கு ஊருக்கு ஊர் ஒரு சித்தப்பா இருந்தாரு, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் என்னை மாதிரி ஒரு மேதாவியும் இருந்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கிக் கொடுக்கச் சொன்னாரு. உள்ள எல்லாத் தேர்தல் நோட்டீஸும் அடுக்கி வச்சிருந்தாரு. 2004 நோட்டீஸையும் 2006 நோட்டீஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பார்த்தாரு. நான்தான் ஆரம்பிச்சேன். ‘சித்தப்பா, அன்னைக்கு நீங்க கேட்டிருக்கணும். நான்தான் தடுத்துட்டேன்.’

‘நீ தடுத்தேன்னுதாம்ல இத்தன வருசமா நானும் நினைச்சிட்டிருந்தேன்’னாரு. ‘கேக்கணும்னு இருந்தவன் உங்கிட்ட எதுக்குல போன் போட்டுக் கேட்டேன்?’

கறுப்புத் துண்டை மட்டும் எடுத்து உதறி மடிச்சாரு. பெட்டியைத் திரும்பப் பரண்ல ஏத்தினேன்.

பி.கு.: எல்லாக் கட்சிக்காரங்களும் இதைப் படிச்சிட்டு ‘நல்லாச் சொன்னே, அவனுக்கு வேணும்’பீங்க. அண்ணாச்சி, அடுத்த தடவை உங்க கட்சி தோக்கும்போது ஒரு தரம் திரும்பப் படிச்சுப் பாருங்க. ஆட்டோ அனுப்புறதா இருந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க :-)