குதிரையைக் கூட்டிப் போனால் ஆயிரம் டாலர்!

கடைக்குப் போனால் வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். வாங்குகிறவருக்கே காசு கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? 2019 மார்ச் மாதம் அமெரிக்க அரசு அதைத்தான் செய்து பார்த்தது. காட்டுக் குதிரையைத் தத்தெடுப்பவர்களுக்கு ஆயிரம் டாலர் பரிசு! நல்ல நோக்கத்தோடு ஆரம்பித்த திட்டம்தான். ஆனால் முடிந்த இடம் வேறு.

முதலில் கொஞ்சம் சரித்திரம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் திரியும் 'மஸ்டாங்' குதிரைகள், ஸ்பானியர்களும் பின்னால் வந்து குடியேறியவர்களும் கொண்டுவந்த குதிரைகளின் வாரிசுகள். இவற்றைத் துரத்திப் பிடித்து நாய்த் தீனிக்கு விற்பது ஒரு காலத்தில் கொழுத்த வியாபாரம். 1950-ல் நெவாடாவில் வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி ரத்தம் சொட்டச் சொட்டப் போன ஒரு லாரியைப் பார்த்தார். உள்ளே இருந்தவை குதிரைகள்! சாதாரண செக்ரட்டரி வேலை பார்த்த அவர் அன்றிலிருந்து போராட இறங்கினார். 'காட்டுக் குதிரை ஆனி' என்று கேலி செய்தார்கள். அந்தப் பெயரையே பெருமையாக வைத்துக்கொண்டார். பள்ளிக் குழந்தைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் 1971-ல் காட்டுக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. அடித்துத் தின்ன ஓநாயோ பூமாவோ அதிகம் இல்லாத இடத்தில் குதிரை மந்தை நாலைந்து வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். இவற்றைக் கவனிக்கும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை, நிலம் தாங்கும் என்று சொல்லும் கணக்கு சுமார் 27,000. 2020-ல் இருந்ததோ 95,000! எனவே ஹெலிகாப்டரில் விரட்டிப் பிடித்துப் பட்டிகளில் அடைக்கிறார்கள். அப்படி அடைபட்டவையும், வாடகை மேய்ச்சல் நிலங்களில் விடப்பட்டவையும் 60,000-ஐத் தாண்டின. 2023 நிதியாண்டில் இவற்றுக்குத் தீனி போட்டுப் பராமரிக்க மட்டும் ஆன செலவு 10 கோடி டாலருக்கு மேல்.

தத்தெடுப்புத் திட்டம் வெகு காலமாகவே இருக்கிறது. ஆனால் பழக்காத முரட்டுக் குதிரையை வீட்டுக்குக் கொண்டுபோக எத்தனை பேர் முன்வருவார்கள்? அதற்குத்தான் ஆயிரம் டாலர். பாதி உடனே, பாதி ஒரு வருடம் கழித்து உரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும். தத்தெடுப்பு மளமளவென்று ஏறியது. அதிகாரிகளுக்கு சந்தோஷம்!

இப்போது கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு குதிரைக்குக் கட்டணம் பெரும்பாலும் 125 டாலர். ஒருவர் வருடத்துக்கு நாலு குதிரை எடுக்கலாம். ஆக, போட்ட பணம் 500, வரும் பணம் 4,000. வீட்டில் நாலு பேர் பெயரில் எடுத்தால்? பத்திரம் வந்த பிறகு சட்டத்தின் பாதுகாப்பு குதிரைக்குக் கிடையாது. அதை ஏலத்தில் தள்ளிவிட்டால் அதிலும் ஒரு காசு. 2021-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது இதைத்தான். பரிசுப் பணம் கைக்கு வந்ததும் லாரி லாரியாகக் குதிரைகள் ஏலத்துக்கு வந்தன. அமெரிக்காவின் குதிரைக் கசாப்புக் கூடங்கள் 2007-லேயே மூடப்பட்டுவிட்டாலும், அந்த ஏலங்களிலிருந்து மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் வழி இருக்கிறது. ஆனி எந்த லாரியைப் பார்த்துக் கொதித்தாரோ, அதே லாரி. இந்த முறை டீசல் செலவு மட்டும் அரசாங்கத்துடையது!

2022-ல் விதியை மாற்றி, முழுப் பணத்தையும் ஒரு வருடம் கழித்தே கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் கொலராடோவிலுள்ள மத்திய அரசு நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. சட்டப்படி செய்ய வேண்டிய ஆய்வுகளைச் செய்யாமல் கொண்டுவந்தது என்பதுதான் காரணம்.

தத்தெடுத்தவர்கள் எல்லோரையும் குறை சொல்வது நியாயமில்லை. பாசமாக வளர்ப்பவர்கள் ஏராளம். தப்பு, பணத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்பதில். குதிரையை வைத்திருந்து பழக்குவதற்குக் கொடுக்க வேண்டிய காசை, குதிரையைக் கூட்டிப் போவதற்குக் கொடுத்தார்கள். நெவாடாவின் கார்சன் சிட்டியில் சிறைக் கைதிகள் பழக்கிய மஸ்டாங்குகளை, மக்கள் ஏலத்தில் போட்டி போட்டுப் பணம் கொடுத்துத் தத்தெடுத்திருக்கிறார்கள். அதே காட்டுக் குதிரைதான், ஆனால் பழக்கியது. பரிசு தேவைப்படவில்லையே!

இன்னொரு வழியும் உண்டு. மேரிலாந்தின் அசடீக் தீவில் 1990-களிலிருந்து பல வருடங்கள் பெண் குதிரைகளுக்குக் கருத்தடை ஊசியைத் துப்பாக்கியால் செலுத்தி வந்தார்கள். 170-ஐத் தாண்டியிருந்த மந்தை, பிறகு நூறுக்குக் கீழே வந்தது. ஹெலிகாப்டரும் இல்லை, பட்டியும் இல்லை. நெவாடாவின் பரந்த பாலைவனத்தில் இது அவ்வளவு சுலபமில்லைதான். ஆனால் பட்டிக்குப் போகும் கோடிகளில் கொஞ்சம் இதற்குப் போனாலே பல மந்தைகளை அடையலாம்.

குதிரைதான் புல்லைத் தின்று நிலத்தைக் கெடுக்கிறது என்பவர்கள் இதையும் பார்க்கட்டும்: அரசு நிலத்தில் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை வாங்கிய கட்டணம் வெறும் 1.35 டாலர். மாட்டுக்கு இவ்வளவு தாராளம் காட்டுகிற அரசு, குதிரைக்குக் கருத்தடை ஊசி போட யோசிப்பது ஏன்?

ஒரு குதிரை முப்பது வருடம் கூட வாழும். அதன் தலைவிதியை ஒரு வருடப் பத்திரத்தில் முடித்துக் கைகழுவுவதற்குப் பெயர் தத்தெடுப்பு இல்லை. கிடங்கைக் காலி செய்யும் தள்ளுபடி விற்பனை!