எல்லாப் பழியும் டிரம் மேலே

ஐப்பசி பிறந்தால் அடைமழை வருகிறதோ இல்லையோ, டெங்குப் பட்டிமன்றம் வந்துவிடும். குற்றம் மக்கள் மேலா, அரசு மேலா என்பது தலைப்பு. தொலைக்காட்சியில் ஒருவர், "பொதுமக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்பார். எதிரே இருப்பவர், "நிர்வாகம் தூங்குகிறது" என்பார். நடுவில் ஒரு மருத்துவர் பாவமாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு அரை நிமிடம் கிடைக்கும். "டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து, அப்போதுதான் கவனமாக…" என்று அவர் ஆரம்பிக்கும்போது கொசுவர்த்தி விளம்பரம் வந்துவிடும். கார்த்திகை கழிந்து மழை விட்டதும் பட்டிமன்றமும் கலைந்துவிடும். தீர்ப்பு அடுத்த ஐப்பசிக்கு ஒத்திவைப்பு.

ஒத்திவைத்தாலும் தண்டனை மட்டும் உடனே நிறைவேறிவிடுகிறது. அது போய் இறங்குகிற இடம், தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் ஏழை வீட்டு நீல டிரம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் கொசுப்புழு ஒழிப்புப் பணிக்கு ஒரு பெண் வருவார். டிபிசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கையில் டார்ச், ஒரு கரண்டி, அபேட் மருந்து பாட்டில். போன மழைக்காலத்தில் ஒரு வீட்டு வாசலில் நடந்த பேச்சு இது.

"அக்கா, டிரம்ல புழு நெளியுது பாருங்க. கொட்டிடுங்க."

"கொட்டிட்டு? நாளைக்கு நீ வந்து ரொப்பித் தருவியாம்மா? அடுத்து வெள்ளிக்கெழமதான் தண்ணி விடுவான்."

"மூடியாச்சும் போட்டு வைங்கக்கா."

"இது கெமிக்கல் கம்பெனி டிரம்மு. மேல அறுத்துதான் விக்கிறான். மூடிக்கு நான் எங்க போவேன்?"

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. மருந்தை ஊற்றிவிட்டு, சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் வீட்டிலும் இதே டிரம்தான் இருக்கும். அவரும் தினக்கூலிதான். காய்ச்சல் பரவும்போது கூப்பிடுவார்கள், பரவல் அடங்கினால் "அப்புறம் சொல்கிறோம்" என்பார்கள். கூலிபாக்கி கேட்டு இவர்கள் போராடுகிற செய்தியும் அவ்வப்போது பேப்பரில் எட்டாம் பக்கத்தில் வரும். எட்டாம் பக்கத்தை வைத்து யாரும் விவாதம் நடத்துவதில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. அதற்குப் பிடித்தது வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணீர். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டிரம்மின் உட்சுவரில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். அதனால்தான் "வாரம் ஒருமுறை காலி செய்து, தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்" என்கிறார்கள். அறிவியல்படி மிகச் சரியான அறிவுரை. தினமும் குழாயில் தண்ணீர் வருகிற வீட்டுக்குச் சொன்னால் நடக்கும். ஆனால் தினமும் தண்ணீர் வந்தால் அவர்கள் ஏன் டிரம் வாங்கப் போகிறார்கள்?

இதில் கற்பனை ஒன்றுமில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. 2017 கோடையில் மாநிலம் முழுக்கக் குடத்தோடு அலைந்தார்கள். லாரி வந்தால் கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைத்தார்கள். அதே 2017-இல்தான் தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு, 65 பேர் சாவு என்று அரசுக் கணக்கே சொன்னது. மழை பெய்தால்தான் டெங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மழை பெய்யாவிட்டாலும் டிரம் வழியாக அது வரும்.

அந்த ஆண்டின் இன்னொரு விசேஷத்தையும் மறந்துவிட்டோம். உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்துபோயிருந்தது. தேர்தல் நடத்தவில்லை. பெரும்பாலான மாவட்டங்களில் கிராமங்களுக்கு 2019 இறுதியில்தான் நடந்தது. மாநகராட்சி, நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை ஆனது. டெங்கு உச்சத்தில் இருந்தபோது தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை, தண்ணீர் வரவில்லை என்று போய்க் கேட்க வார்டுக்கு ஒரு கவுன்சிலர் கிடையாது. தனி அலுவலர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. தேர்தல் நடத்தாததைக் காரணம் காட்டி மத்திய நிதிக்குழு மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள். குப்பை அள்ளவும் குழாய் போடவும் வர வேண்டிய பணம் அது.

இதைப் பற்றி எத்தனை நாள் விவாதித்தோம்? நாம் விவாதித்தது நிலவேம்பை. "ஆராய்ச்சி முடிவு வரும்வரை என் இயக்கத்தார் விநியோகிக்க வேண்டாம்" என்ற பொருளில் கமல்ஹாசன் ஒரு ட்வீட் போட்டார். அவ்வளவுதான், மாநிலமே இரண்டாகப் பிரிந்தது. நிலவேம்பு தமிழனின் பெருமையா, மூடநம்பிக்கையா? ஒரு பக்கம் கட்சிக்காரர்கள் பந்தல் போட்டு, தலைவர் படம் வைத்து, அண்டாவில் கசாயம் ஊற்றினார்கள். கசப்பைக் குடித்துவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போய் அதே டிரம்மில் தண்ணீர் மொண்டு வாய் கொப்பளித்தார்கள்.

அப்புறம் புகை. ஏரியாவில் ஒருவர் செத்தால் மறுநாள் சாயங்காலம் புகை மருந்து வண்டி வரும். பின்னாலேயே பிள்ளைகள் ஓடும், யாராவது ஒரு பிரமுகர் மெஷினைத் தோளில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வார். டெங்குக் கொசு கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்குகிற துணிக்குப் பின்னாலும் சொகுசாக இருக்கும். தெருவில் அடிக்கிற புகை அங்கே சரியாகப் போய்ச் சேராது. புழுவை அது தொடவே தொடாது. சென்னையில் நீர்வழிக் கரையோரக் குடிசைகளுக்கு இலவசக் கொசுவலையும் கொடுத்துப் பார்த்தார்கள். ராத்திரியில் மொய்க்கிற கூவத்துக் கொசுவுக்கு அது சரி. டெங்குக் கொசு பகலில் கடிப்பது. சித்தாள் வேலைக்குப் போகிறவர் வலையைப் போர்த்திக்கொண்டா கல் சுமப்பார்?

மக்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்லவரவில்லை. மொட்டை மாடியில் தேங்காய்த் தொட்டி, உடைந்த வாளி, பழைய டயர் எல்லாம் நாம் போட்டு வைப்பதுதான். ஆனால் அந்த 'நாம்' யார் என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் தண்ணீர் தேங்குவது ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டில். கண்ணாடி பாட்டிலில் மணி பிளான்ட் வளர்ப்பது வரவேற்பறை இருக்கிற வீட்டில். மாதக்கணக்கில் லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்பது கட்டி முடியாத அடுக்குமாடியில். அங்கேயும் இன்ஸ்பெக்டர் போகிறார், அபராதமும் போடுகிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிவியில் காட்டுவதற்குக் கேமரா எப்போதும் குடிசை டிரம்முக்குத்தான் போகிறது. இந்தியாவுக்கே முன்னோடியாக 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாநிலம் இது. புழு வளர்த்தவருக்கு நோட்டீஸ் ஒட்டுகிறோம். வாரக்கணக்கில் குழாயைக் காயவிட்டவருக்கு யார் நோட்டீஸ் ஒட்டுவது?

காய்ச்சல் வந்துவிட்டால் கணக்கு வேறு மாதிரி ஓடும். அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர் பக்கத்து கிளினிக்குக்குப் போவார். அங்கே கார்டு டெஸ்ட், தினமும் தட்டணு எண்ணிக்கை, டிரிப்ஸ். டெங்குவைக் குணப்படுத்தும் தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு கண்காணிப்பதுதான் சிகிச்சை. ஆனால் தட்டணு இறங்குகிறது என்று கேட்டதும் வீட்டில் கம்மல் அடகுக்குப் போகும். கடைசியில் ஏதாவது ஆகிவிட்டால் அதை டெங்கு என்று எழுதுவார்களா என்பதே சந்தேகம். எலிசா முறையில் உறுதியானால்தான் அரசுக் கணக்கில் டெங்கு, கார்டு டெஸ்ட் கணக்கில் சேராது. பேப்பரில் 'மர்மக் காய்ச்சலுக்குப் பலி' என்று வரும். மர்மம் ஒன்றுமில்லை, எலிசா வசதி இருக்கிற இடத்துக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பணம் இல்லை என்கிறார்கள். 2017-இல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது. 2021-22-க்கான தேசியக் கணக்கில், கோவிட் பெருந்தொற்று உலுக்கிப்போட்ட பிறகும், அது 1.84 விழுக்காடு. அதே ஆண்டு நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ 39 விழுக்காடு மக்களின் சொந்தக் கையிலிருந்து போனது. அடகுக்குப் போன கம்மலும் அந்த 39-இல்தான் இருக்கிறது.

பணம் இல்லாததைவிட மோசம், பணம் காய்ச்சலைப் பார்த்து வருவதும் காய்ச்சல் தணிந்ததும் போவதும். இதன் விலை என்ன என்று நமக்கு நன்றாகவே தெரியும். பக்கத்தில் இலங்கையில் 1963-இல் மலேரியா வெறும் 17 பேருக்கு என்று வந்து நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சம் பேருக்கு மேல் மலேரியா. இந்தியாவிலும் இதே கதை. சுதந்திரம் வந்த சமயத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா என்று மதிப்பிட்டார்கள். 1953-இல் தொடங்கிய திட்டத்தால் அறுபதுகளின் நடுவில் அது ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு இறங்கியது. கொசுவுக்கு டிடிடி பழகிப்போனது ஒரு பக்கம், பணமும் கவனமும் சுருங்கியது மறுபக்கம். 1976-இல் 64 லட்சம் பேர்.

இலங்கை அந்த அடியிலிருந்து பாடம் படித்தது. போர் நடந்த காலத்திலும் மலேரியா வேலையை விடவில்லை. நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்த பிறகும் தேடிக்கொண்டே இருந்தார்கள். 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அடுத்த ஆண்டே அங்கே டெங்கு ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியது என்பதும் உண்மை. ஒரு கொசுவை ஜெயித்த சான்றிதழ் இன்னொரு கொசுவிடம் செல்லாது. இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது.

ஆனால் நம் நிர்வாகத்துக்கு ஒரு தர்க்கம் உண்டு: கொசு இல்லாத ஊரில் கொசு ஒழிப்பவருக்கு எதற்குச் சம்பளம்? அவர் இருப்பதால்தான் கொசு இல்லை என்று கோப்பில் எழுத இடமில்லை. வராத காய்ச்சலுக்கு ரிப்பன் வெட்ட முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வெட்டலாம், புகை மெஷினுக்குக் கொடியசைக்கலாம், டிரோன் விட்டுக் கால்வாயில் மருந்து தெளித்துப் படம் பிடிக்கலாம். மாசி மாதம் வெயிலில் ஒரு பெண் வீடு வீடாகப் போய் டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதில் என்ன படம் இருக்கிறது? டிவி, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் வீட்டுக்கு வீடு கொடுக்கத் தெரிந்த ஊருக்கு, டிரம்முக்கு ஒரு மூடி கொடுப்பது பெரிய காரியமா?

பட்டிமன்றத்தை மார்ச் மாதம் நடத்துங்கள். பட்ஜெட் வாசிக்கிற நேரம் அதுதான். வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளும்படி டிபிசி பணியாளர் என் வார்டுக்கு எத்தனை பேர், அவர்கள் கூலி மாதாமாதம் கிடைக்கிறதா? எலிசா பரிசோதனை எந்த ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கிறது? எங்கள் தெருக் குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் விடுவீர்கள்? மாநகராட்சிகளில் இப்போது கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், போய்க் கேட்க வாசல் இருக்கிறது. டார்ச்சோடு வருகிற அந்தப் பெண்ணிடம் மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். "எங்கள் டிரம்மைப் பார்க்க ஆள் அனுப்புகிறீர்களே, உங்கள் குழாயை யார் வந்து பார்ப்பது?" என்று அவரை அனுப்பியவர்களிடம் கேளுங்கள்.