பிழையை எழுதி வைப்போம்



திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தை அளக்கப் போகிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்? கம்பியை வைக்காமலேயே இரு முனைகளையும் சேர்த்துப் பார்ப்பீர்கள். தலைக்கோலின் சுழி, புரிக்கோலின் கோட்டோடு பொருந்தவில்லை என்றால், அந்தச் சுழிப்பிழையைக் குறித்துக்கொண்டு ஒவ்வோர் அளவீட்டையும் திருத்துவீர்கள். கருவியில் பிழை இருப்பது குற்றமன்று. அதைக் குறிக்காமல் விடுவதுதான் குற்றம்.

இணையத்தைத் தாங்கி நிற்கும் ரூட்டர்களுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து. ரூட்டர் என்பது தபால் பிரிக்கும் நிலையம் போன்றது. நீங்கள் அனுப்பும் செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. எந்தப் பொட்டலத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை, ரூட்டர் ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறது. இதை நடத்துவது அதனுள் இருக்கும் இயக்க மென்பொருள். மனிதர் எழுதிய நீண்ட நிரல் அது. பிழை இல்லாமல் இராது. ஆகவே தயாரிப்பாளர்கள், “இன்னின்ன பிழைகள் தெரிய வந்துள்ளன, திருத்தம் வரும்வரை இப்படிச் சமாளியுங்கள்” என்று பட்டியல் வெளியிடுகிறார்கள். “பிழை என்று தெரிந்தும் விற்கிறார்களே!” என்று சிலர் நகைப்பதுண்டு. நான் அந்தப் பட்டியலை மதிக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

1980 அக்டோபர் 27 அன்று, இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் அர்ப்பாநெட் பல மணி நேரம் பயனற்றுப் போயிற்று. அந்நாளைய ரூட்டர்களான ஐ.எம்.பி. பொறிகள் தத்தம் நிலையை அறிக்கையாக அனுப்பும். ஒவ்வோர் அறிக்கைக்கும் 0 முதல் 63 வரை வரிசை எண் உண்டு; 63க்குப் பின் மீண்டும் 0. புதிய எண் வந்தால் பழையதைத் தள்ளிவிட்டு, புதியதை அண்டைப் பொறிகளுக்கு அனுப்ப வேண்டும். இந்த எண் வட்டத்தில் 32 படிகளுக்குள் முன்னே இருப்பதே புதியது என்பது விதி.

அன்று பழுதுற்ற வன்பொருளால் சில இருமக் குறிகள் உதிர்ந்தன. 44 என்பது இரும முறையில் 101100. அதில் ஒரு 1 உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொன்றும் உதிர்ந்தால் 001000, அதாவது 8. இம்மூன்று எண்களும் ஒரே சமயத்தில் உலவத் தொடங்கின. விதிப்படி 8ஐ விட 40 புதியது. 40ஐ விட 44 புதியது. 44இலிருந்து 63ஐத் தாண்டி 8ஐ அடைய 28 படிகளே. ஆகவே 44ஐ விட 8 புதியது! ராட்டினம் நிற்கவே இல்லை. பொறிகள் வேறு வேலை பார்க்க நேரமின்றித் திணறின. ஒன்றை நிறுத்தி மீண்டும் இயக்கினாலும், அண்டைப் பொறி அதே அறிக்கைகளை அதனிடம் தள்ளிவிடும். கடைசியில், “50ஆம் எண் பொறியின் அறிக்கைகளை ஏற்காதே” என்று மற்றப் பொறிகளின் நிரலில் ஓர் ஒட்டுப் போட்டுச் சமாளித்தார்கள்.

இதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. எரிக் ரோசன் என்ற பொறியாளர் இவை அனைத்தையும் 1981இல் ஆர்.எஃப்.சி. 789 என்ற ஆவணமாக வெளிப்படையாக எழுதினார். 1983இல் ரேடியா பெர்ல்மன், இத்தகைய குழப்பத்திலிருந்து தானாகவே மீளும் முறைகளை ஆராய்ந்து வெளியிட்டார். எழுதி வைத்த பிழை ஒரு பாடமாயிற்று.

எழுதினால் மட்டும் போதுமா? போதாது. சிஸ்கோ நிறுவனத்தின் சில பழைய ரூட்டர்களில், அட்டவணையின் ஒரு பகுதிக்கு ஏறத்தாழ 5 லட்சத்து 12 ஆயிரம் வழிகளுக்கே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இடம் நிரம்பப் போகிறது என்றும், நினைவகப் பங்கீட்டை மாற்றிப் பொறியை மீண்டும் இயக்கினால் சமாளிக்கலாம் என்றும் நிறுவனம் சில மாதங்களுக்கு முன்பே அறிவித்திருந்தது. எனினும் 2014 ஆகஸ்ட் 12 அன்று எல்லை தாண்டியபோது பல வலைத்தளங்கள் தடுமாறின. அறிவிப்பு இருந்தது, அதன்படி நடக்காதவர்களும் இருந்தார்கள்.

“பிழையைப் பறைசாற்றினால் திருடனுக்கு வழி காட்டியதாகாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூட்டு பழுது என்றால், மாற்றுப் பூட்டுத் தயாராகும்வரை பொறுப்பதில் தவறில்லை. ஆனால் காலமெல்லாம் மறைத்தால், ஏமாறுகிறவர் வீட்டுக்காரர்தான். பூட்டைத் தடவிப் பார்க்கும் திருடன் அல்லன்.

இன்னொரு எச்சரிக்கை. சமாளிப்பு என்பது முறிந்த எலும்புக்குக் கட்டும் சிம்பு. எலும்பு கூடும்வரைதான் அதற்கு வேலை. சமாளித்துவிட்டோம் என்று உண்மையான திருத்தத்தை மறந்துவிடக் கூடாது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் ஆண்டுதோறும் ஒன்றைக் காண்கிறேன். தனி ஊசல் சோதனையில் எல்லா நோட்டுகளிலும் புவியீர்ப்பு முடுக்கம் அச்சடித்தாற்போல் 9.8 என்றே இருக்கும். கிடைத்தது 9.5 ஆக இருந்தால் அழித்துவிட்டுப் புத்தக விடையை எழுதிவிடுகிறார்கள். அழிக்கப்பட்ட அந்த 9.5இல்தான் கற்க வேண்டியது இருந்தது.

அடுத்த முறை உங்கள் விடை பிசகினால் அழிப்பானைத் தேடாதீர்கள். பிசகை அப்படியே எழுதுங்கள். காரணத்தை அதன் கீழே எழுதுங்கள். நாளை உங்களில் ஒருவர் இணையத்தைத் தாங்கும் நிரலை எழுதக்கூடும். அன்று கோடிக்கணக்கானோர் நம்பியிருப்பது இன்று நீங்கள் பழகும் இந்தப் பழக்கத்தைத்தான்.