வலி தணிந்தால் நோய் தணியுமா?

சாரல் காலம் வந்துவிட்டால் குற்றாலத்தில் அருவிகளைப் போலவே மூலிகைக் கடைகளிலும் கூட்டம் சேரும். அதே தென்காசி மாவட்டத்தின் புளியரைச் சோதனைச் சாவடியில், கேரள எல்லையைக் கடக்கும் வாகனங்களில் கஞ்சா உள்ளதா என்று காவல் துறையினர் தேடுகின்றனர். மூலிகை என்று மருத்துவ மரபு சொல்லும் செடி, சட்டத்தின் பார்வையில் போதைப்பொருள். இந்த முரண்பாட்டுக்கு நடுவே நிற்பவர்கள் குடல் அழற்சி நோயாளிகள்.

குரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை. தீராத வயிற்றுவலி, இரத்தம் கலந்த கழிச்சல், உடல் மெலிவு, உறக்கமின்மை என்று துன்புறுவோர், நோய்க்குக் கஞ்சா கைகொடுக்கும் என்ற பேச்சுக்குச் செவிசாய்ப்பதில் வியப்பில்லை. நம் மரபிலும் அதற்கு இடமுண்டு. ஆயுர்வேதத்தில் கிரகணிக்குத் தரப்படும் ஜாதிபலாதி சூரணத்தில் கஞ்சா இலை சேர்கிறது.

ஆனால், நவீன ஆய்வுகள் சொல்வது என்ன? இஸ்ரேலில் 21 குரோன் நோயாளிகளிடம் 8 வாரங்கள் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், கஞ்சா புகைத்த 11 பேரில் 10 பேருக்குத் தொல்லைகள் குறைந்தன. போலி மருந்து பெற்ற 10 பேரில் 4 பேருக்கே குறைந்தன. எனினும், நோய் அடங்கிவிட்டது என்று சொல்லுமளவுக்குச் சான்று கிட்டவில்லை. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பும், பலனை உறுதிசெய்ய முடியாது என்றே கூறியது. வலி குறைகிறது, பசி எடுக்கிறது, உறக்கம் வருகிறது. குடலின் அழற்சியோ தொடரக்கூடும்.

ஆபத்து இங்குதான் உள்ளது. வலி ஓர் எச்சரிக்கை மணி. அதை அடக்கிவிட்டு மருந்தை நிறுத்துபவரின் குடல் ஓசையின்றிச் சுருங்கலாம். அறுவை சிகிச்சை வரை போகலாம். நம் நாட்டில் குடல் காசநோயும் குரோன் நோயைப் போலவே தோன்றும் என்பதால், நோயைக் கண்டறிவதில் ஏற்படும் தாமதம் உயிருக்கே உலை வைக்கலாம். மேலும், கஞ்சாவைப் புகையிலையுடன் கலந்து புகைப்பதும் உண்டு. புகையிலை குரோன் நோயை முற்றச் செய்யும் என்பது மருத்துவம் உறுதிசெய்த உண்மை.

இத்தனைக்கும் மேலாக, நோயாளி இதை மருத்துவரிடம் சொல்ல அஞ்சுகிறார். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா பயன்படுத்துவதற்கே 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால், அதே சட்டம் மருத்துவ, அறிவியல் தேவைகளுக்கு விலக்களிக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது.

எனவே, கடத்தலைத் தடுக்கும் காவல் பணி தளரக் கூடாது. ஆய்வுக்கான கதவும் அடைபடக் கூடாது. தென்காசிக்கு அருகே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரைப்பை, குடல் நோய் வல்லுநர்களுடன் இணைந்து, மரபு மருந்துகளின் பலனை முறையாகச் சோதிக்க அரசு அதற்கு வாய்ப்பளிக்க வேண்டும். அதுவரை மருத்துவர்கள் கடிந்துகொள்ளாமல் கேட்கட்டும். நோயாளிகள் மறைக்காமல் சொல்லட்டும். வதந்தியை நம்பி மருந்தைக் கைவிடுவோரைக் காக்க இதுவே வழி.