சீனி மட்டும் பார்த்தால் போதுமா?

தெரணியகலையில் சீனி வருத்தம் உள்ள நம்மில் பலருக்குச் சீனி அளவு தெரியும். பிரஷர் அளவு தெரியாது. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம், கண், இதயம் வேகமாகப் பழுதாகும். "தலைசுற்று இல்லையே" என்று குளிசையை நிறுத்திவிடுகிறோம். பிரஷர் சொல்லிவிட்டு வருவதில்லை.

ஆனால் நோயாளியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கொழுந்து பறிப்பவரும் ரப்பர் பால் வெட்டுபவரும் கிளினிக் போனால் அன்றைய சம்பளம் போச்சு. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போய்ப் பிரஷர் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது.

லயங்களுக்கும் இதைக் கேட்போம். அதுவரை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலும், பெற்றோர் கூட்டத்தன்று பாடசாலையிலும் ஒரு பிரஷர் மெஷின் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.