எலி நின்றால் பித்தம் தெளியுமா?

மனச்சிதைவு போன்ற வெறியைத் தூண்டும் ஆம்பெட்டமின் ஊசிக்குத் தலைதெறிக்க ஓடும் எலி, தம் மூலிகைச் சாற்றைக் குடித்தபின் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டதாம்; ஆகவே மனச்சிதைவுக்கு மருந்து கிடைத்துவிட்டது, தஞ்சை மண்ணின் வைத்தியத்தைச் சந்தேகிப்பவன் மேலைநாட்டு அடிமை என்று ஒரு கட்டுரையில் முழங்குகிறார் நண்பர் ஒருவர்.

எது குறைந்தது? பெட்டியின் குறுக்கே பாயும் ஒளிக்கற்றையை எலி மறித்த எண்ணிக்கை, அவ்வளவே. ஆம்பெட்டமின் மிகுந்தால் எலி ஓடுவதை விட்டு மூலையில் குந்தி, மோந்து மோந்து தலையாட்டிக் கம்பியைக் கடிக்கும். அப்போதும் எண் இறங்கும். ஆம்பெட்டமினைக் கல்லீரல் சிதைக்கவிடாமல் தடுக்கும் சாறு, வெறியை ஏற்றிவிட்டே இந்த எண்ணை இறக்கிக் காட்டும். தூக்கம் சொக்கினாலும் கால் தளர்ந்தாலும் இறங்கும். சாற்றை மட்டும் குடித்த எலிகள் எங்கே? கால் தளர்ந்ததா என்றறியச் சுழலும் தண்டில் அவற்றை ஏற்றிப் பார்த்தாரா? கட்டுரையில் ஒரு வரி இல்லை. வரப்பில் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறி வைக்கும் விவசாயிகூட, எலி செத்ததா வேறு வளைக்குப் போனதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

துணைக்குச் சர்ப்பகந்தா மூலிகையை வேறு இழுக்கிறார். 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதைப் பித்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்தென்று எழுதினார்கள். 1952இல் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தார்கள். எல்லாம் சரி. ஆனால் ரெசர்பைன் கொடுத்த எலியும் ஆம்பெட்டமின் ஏறியதும் ஓடத்தான் செய்கிறது என்பது நண்பருக்குத் தெரியுமா? நரம்புமுனைப் பைகளில் சேமித்த டோபமைனை ரெசர்பைன் காலிசெய்கிறது. ஆம்பெட்டமினோ புதிதாக உற்பத்தியாவதை வெளியே தள்ளுகிறது. அந்த உற்பத்தியையே முடக்கும் ஆல்ஃபா-மெத்தில்டைரோசின் எலியை நிறுத்தியது, மனச்சிதைவைத் தீர்க்கவில்லை. ஆக, அவருடைய தேர்வில் பித்தைத் தணித்த மருந்து தோற்கிறது, தணிக்காதது ஜெயிக்கிறது! சொந்தச் சாட்சியே எதிர்த்தரப்புக்குப் பேசிய வழக்கு இது.

தஞ்சை மன்னர் சரபோஜியின் பெயரையும் விடவில்லை. அந்த மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் நோய்க்குறிப்புகள் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அவர் பதிவுசெய்யச் சொன்னது மனிதர்களை. இவரிடம் ஒரு நோயாளியின் குறிப்பாவது உண்டா? இவருடைய எலியோ ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனம் வளர்த்தெடுத்த இனம். ஊசிமருந்தும் மேலைநாட்டுச் சரக்கு. அடிமைப் பட்டத்தை யாருக்குச் சூட்டுவது?

இந்தச் சோதனையை நான் பழிக்கவில்லை. ஆம்பெட்டமினை எதிர்க்கும் திறனையும் சோதித்துத்தான் பால் ஜான்சென் குழு 1958இல் ஹாலோபெரிடால் என்னும் மனச்சிதைவு மருந்தை அடைந்தது. ஆனால் அதை மருந்தென்று நிலைநாட்டியது எலியல்ல, மனநல விடுதிகளின் நோயாளிகள். அந்தப் படியைத் தாண்டிக் குதிக்கும் அவசரம் ஏன் என்பது, கட்டுரைக்கடியில் அச்சான சூரண விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

வீட்டில் மனச்சிதைவு நோயாளி இருக்கும் வாசகர்களே, அந்தச் சூரணத்தை நம்பி ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.